கொங்கு நாட்டுக் கரைகளில் சில நாட்கள்

செப்டம்பர் 12, வெள்ளி – கோயம்புத்தூர்

ஞாயிற்றுக்கிழமை கோபிச்செட்டிபாளையத்தில் நண்பர் மகளுக்குக் கல்யாணம். அவரும் நானும் அரசு வேலையில் சேர்ந்த புதிதில் பவானிசாகரில் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். எப்படியும் அந்தப் பக்கம் போகிறோம், அந்த ஊரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று முன்னதாகவே கிளம்பிவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. தூத்துக்குடியில் மாலையானால் ரோச் பூங்கா, இல்லாவிட்டால் முத்துநகர் கடற்கரை என்று பழகிவிட்ட ஆள் நான். கடலே இல்லாத கொங்கு நாட்டில் ஜனங்கள் எந்தக் கரையில் போய்க் காற்று வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூரில் கிடைத்த பதில், உக்கடம் பெரியகுளம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் குளத்தங்கரையை நடைபாதை, விளக்கு, இருக்கை, படம் எடுத்துக்கொள்ள ஆளுயர எழுத்துகள் என்று ஜோடித்திருக்கிறார்கள். ஐந்தரை மணிக்குப் போனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. எங்கள் ஊர்க் காற்றில் இருக்கும் பிசுபிசுப்பு இதில் இல்லை. ஆனால் காற்று திசை மாறிய ஒரு நிமிடத்தில் சாக்கடை வாடை வந்தது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் முகம் மாறாமல் வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினார்கள், பழக்கம் போலிருக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நான் கேட்காமலேயே நகர்ந்து இடம் கொடுத்தார். "எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். இந்தக் குளம் தனிக்குளம் அல்ல. நொய்யலிலிருந்து அணைக்கட்டு வழியாகத் திருப்பப்படும் தண்ணீர் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போய், பெரியகுளத்துக்கு வந்து, வாலாங்குளத்துக்கு இறங்கும். முன்னூறு ஏக்கருக்கும் மேற்பட்ட குளம் இது. இதை நம்பி நெல் விளைந்த வயல்களில் பெரும்பகுதி இன்று வீடுகள். நடுவில் பல வருடம் ஊர்க் கழிவெல்லாம் இங்கே இறங்கியது. 2013இல் பொதுமக்களும் தன்னார்வ அமைப்புகளும் ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு வந்து தூர் வாரினார்கள். பெரியவரும் போயிருக்கிறார். "இந்தக் கையால் கூடை தூக்கினேனுங்க" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"இப்போது குளம் அழகாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அழகுக்கு என்ன குறை? சின்ன வயதில் இதில் எருமை கழுவியிருக்கிறேன், குளித்திருக்கிறேன். இப்போது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்."

அவர் போன பிறகு நானும் கவனித்தேன். நான் நடந்த அந்த நீளத்தில் தண்ணீருக்கு இறங்க ஒரு படிகூடக் கண்ணில் படவில்லை. கம்பித் தடுப்பு, அதற்கப்பால் சரிவு, சரிவின் அடியில் ஆகாயத்தாமரை. தொடக்கூடிய தண்ணீராக அது இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் கரை என்ற பெயரில் எனக்குக் கிடைத்தது ஒரு நீண்ட மொட்டைமாடி.

வெளியே தள்ளுவண்டியில் காளான். பெயர்தான் காளான், பாதி முட்டைக்கோஸ். பொரித்து, கல்லில் கொத்தி, சிவப்புக் குழம்பில் வதக்கி, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவிக் கொடுக்கிறார்கள். நாற்பது ரூபாய். காரம் காதுவரை ஏறியது. கடைக்காரப் பையன் வயது பார்க்காமல் எல்லோரையும் "அண்ணா" என்றான். என்னையும் அப்படியே அழைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

செப்டம்பர் 13, சனி – பவானிசாகர்

புளியம்பட்டியைத் தாண்டியதும் பஸ் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். எங்கள் பக்கமாக இருந்தால் இதற்குள் கண்டக்டரின் மூன்று தலைமுறையை இழுத்திருப்பார்கள். இங்கே ஓர் அம்மாள் பையைத் திறந்து அவித்த நிலக்கடலையை எடுத்துச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஒரு கை கொடுத்தார். வாங்கத் தயங்கியவர்களிடம் "சும்மா சாப்பிடுங்க கண்ணு" என்றார். அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. கடலை தீரவில்லை.

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களில் பலருக்குப் பவானிசாகர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அணை அல்ல, அடிப்படைப் பயிற்சி. கோப்பு எப்படிக் கட்டுவது, குறிப்பு எப்படி எழுதுவது என்று ஊர் ஊரிலிருந்து வந்த இளநிலை உதவியாளர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். மாலையில் எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அணைப் பூங்கா. சம்பளம் வந்த வாரம் பொரித்த மீன், வராத வாரம் வெறும் நடை.

பூங்கா வளர்ந்திருக்கிறது. ஆனால் அதன் குணம் மாறவில்லை. இது பூங்காவுக்காகக் கட்டிய பூங்கா அல்ல. 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது கீழ்பவானித் திட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு தொடங்கிய முதல் பெரிய அணைத் திட்டங்களில் ஒன்று. எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மண் அணை. நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. மண் கரை என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் அணை இருப்பதே தெரியாது, நீளமாக ஒரு மேடு கிடக்கும். அந்த மேட்டின் அடிவாரத்தில் கிடைத்த இடத்தில் மரமும் புல்லும் வைத்து, சிமெண்ட் சறுக்கும் ஊஞ்சலும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேலே ஏற அனுமதி இல்லை. அதனால் அணைப் பூங்காவுக்கு வருகிறவர்கள் தேங்கிய தண்ணீரைப் பார்ப்பதே இல்லை! நீர்த்தேக்கத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு புளிசாதம் சாப்பிடுகிறார்கள். இதை யாரும் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்த மேட்டுக்குப் பின்னால், மோயாறும் பவானியும் சேரும் தண்ணீருக்குள், டணாய்க்கன் கோட்டை கிடக்கிறது. ஹொய்சளர் காலத்துத் தண்டநாயகர்களின் கோட்டை. அவர்கள் பட்டப்பெயர்தான் தேய்ந்து டணாய்க்கன் ஆனது. திப்பு சுல்தான் காலத்துப் போர்களிலும் அந்தப் பெயர் அடிபடுகிறது. அணை நீர் அடியோடு இறங்கும் வருடங்களில் மாதவராயப் பெருமாள் கோயில் மண்டபம் சேற்றுக்கு மேலே எழுந்து நிற்கும். அப்போது கோபியிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப் போவார்கள். இந்த முறை நிறையத் தண்ணீர். கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். கரண்டியாலேயே மேட்டைக் காட்டி, "அதற்குப் பின்னாடிங்க. தெரியாமல் இருந்தால்தான் நல்லது. தெரிந்தால் விவசாயம் போச்சு" என்றார்.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நானும் ஒரு திருப்பூர்க் குடும்பமும் மீன் கடைச் சார்ப்புக்குள் ஒதுங்கினோம். அவர்கள் எவர்சில்வர் போசிகளில் முழுச் சமையலையும் கொண்டுவந்திருந்தார்கள். அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள ஊறுகாய். தட்டை என்னிடம் நீட்டியபோது மறுக்கத்தான் நினைத்தேன். மழையும் பசியும் விடவில்லை. பதிலுக்கு நான் வாங்கிய பொரித்த கட்லா, தட்டு நூறு ரூபாய், அவர்கள் பிள்ளைகளிடம் போனது. கடல் மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு அணை மீனில் மண்வாடை தெரியும். மிளகாயும் எலுமிச்சையும் போட்டு அதை அமுக்கும் வித்தை இந்தக் கடைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரவு தங்கிய விடுதியைப் பற்றி ஒரே வரி: கொசுவர்த்திக்குத் தனிக் காசு வாங்கினார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு – கோபி, கொடிவேரி

கொங்குக் கல்யாணத்தை அருமைக்காரர் முன்னின்று நடத்துகிறார். ஒவ்வொரு சீருக்கும் ஒரு முறை உண்டு, அவசரப்பட்டால் முறைப்பார். மங்கல வாழ்த்துப் பாடும்போது பந்தலில் பேச்சு அடங்கியது. காலைப் பந்தியில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தார்கள். இடியாப்பம்தானே என்று நினைத்து வாயில் வைத்தேன். இல்லை, அரிசி மாவை வேகவைத்த பிறகு பிழிகிறார்கள். நூல் மிருதுவாக, ஈரமாக இருக்கிறது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

பந்தி முடிந்ததும் வேப்பமரத்தடியில் பெரிய விவாதம். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா, கூடாதா? இருநூறு கிலோமீட்டர் மண் வாய்க்கால், இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர் பாசனம். பாதி ஆயக்கட்டுக்கு ஆகஸ்டில் நஞ்சைக்குத் தண்ணீர், மறுபாதிக்கு ஜனவரியில் புஞ்சைக்கு; அடுத்த வருடம் மாற்றிக்கொள்வார்கள். கசிந்து வீணாகிறது, கடைமடைக்கு வரவில்லை, கான்கிரீட் போடு என்பது ஒரு கட்சி. அந்தக் கசிவுதான் கிணற்றில் ஊறுகிறது, கரையில் மரமாக நிற்கிறது, கை வைக்காதே என்பது எதிர்க்கட்சி. பெண்ணின் தாய்மாமனும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் எதிரெதிர்க் கட்சி. "சம்பந்தி வீடு என்று பார்க்கிறேனுங்க" என்று ஒருவர் சொல்ல, "பார்க்கவே வேண்டாமுங்க" என்று மற்றவர் சொல்ல, நண்பர் நடுவில் புகுந்து வெற்றிலைத் தட்டை நீட்டினார். அவ்வளவு கோபத்திலும் ஒரு "ங்க" குறையவில்லை.

மாலையில் கொடிவேரி. இங்கேதான் இந்தப் பயணத்தில் முதன்முறையாகத் தண்ணீரில் கால் வைத்தேன்.

பவானியின் குறுக்கே பழைய கல் அணை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொங்காள்வான் கட்டியது என்பது இங்குள்ளவர்கள் சொல்லும் வரலாறு. கல்லோடு கல்லை இரும்பால் பிணைத்து ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள் என்றும் சொல்கிறார்கள். ஒரு பக்கம் தடப்பள்ளி வாய்க்கால், மறுபக்கம் அரக்கன்கோட்டை வாய்க்கால். கோபி வட்டாரத்தின் பச்சைக்கெல்லாம் இவைதான் காரணம். வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பத்தான் அணை. மிஞ்சிய தண்ணீர் அணையின் முழு அகலத்துக்கும் வழிந்து விழுவதால், ஜனங்களே இதைக் குளிக்கும் இடமாக்கிக்கொண்டார்கள். பூங்காவும் டிக்கெட்டும் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

விழும் தண்ணீருக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டுப்புடவையோடு வந்த கல்யாணக் கூட்டமும் உண்டு, பனியன் கம்பெனியில் ஞாயிறு விடுமுறை வாங்கி வந்த வடநாட்டுப் பிள்ளைகளும் உண்டு. பாசி படிந்த பாறையில் என் ரப்பர் செருப்பில் ஒன்று நழுவி ஆற்றோடு போனது. பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் குதித்துத் துரத்தினான். போலீஸ்காரர் விசில் ஊதி அவனை நிறுத்தினார். அவர் செய்தது சரிதான். உயிர்ப்பலி நடந்த இடம் இது. வெள்ளம் வந்தால் குளிக்கவே விடமாட்டார்கள். கம்பி போடுகிறவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒற்றைச் செருப்போடு நின்று ஒப்புக்கொண்டேன். மற்றதையும் கழற்றி அங்கேயே விட்டுவிட்டேன். வாசல் கடையில் புதுச் செருப்பு நூற்றைம்பது ரூபாய். விலை பேசப் பார்த்ததற்கு, "உங்கள் நிலைமைக்கு இருநூறு சொல்லியிருக்கணுமுங்க" என்றார் கடைக்காரர்.

மீன் பொரிக்கும் அம்மாளின் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முழு ஜிலேபி மீனை இரு பக்கமும் குறுக்கே கீறி, கீறலுக்குள் விரலால் மசாலாவை அழுத்துகிறார். தோசைக்கல்லில் எண்ணெய் குறைவு. மீனைப் போட்டதும் தொடுவதில்லை. ஓரத்தில் மசாலா கறுக்கத் தொடங்கியதும் ஒரே திருப்பு. "எப்போது திருப்புவது என்று எப்படித் தெரிகிறது அம்மா?" என்றேன். "சத்தம் குறையுமுங்க" என்றார். காது கொடுத்துக் கேட்டேன். உண்மைதான்.

செப்டம்பர் 15, திங்கள் – பவானி

கூடுதுறைக்குப் பூங்கா என்று பெயர் கிடையாது. ஆனால் இந்தப் பயணத்தில் நான் பார்த்ததில் ஒழுங்கான நீர்க்கரை இதுதான். பவானியும் காவிரியும் சேரும் முனை. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் மூன்றாவதாகச் சேர்வதாக ஐதீகம். பின்னால் சங்கமேஸ்வரர் கோயில். படிகள் நேராகத் தண்ணீருக்குள் போகின்றன. ஒரு படியில் தர்ப்பணம், அடுத்த படியில் துணி அலசல், அதற்கும் கீழே முங்கிக் குளிக்கும் சிறுவர்கள். அழுக்கும் இருக்கிறது, விட்டெறிந்த ஈரத்துணி, பூ, பிளாஸ்டிக். முகம் சுளித்துக்கொண்டே இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் சுளிப்பு போய்விட்டது.

தூத்துக்குடிக்காரனுக்கு இது பெரிய விஷயம். 1927இல் குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து குழாயில் தாமிரபரணியைக் கொண்டுவரும்வரை குடிதண்ணீருக்குத் தவித்த ஊர் எங்களுடையது. கடல் முழுக்கத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. இங்கே இரண்டு ஆறு ஒரே முனையில் வந்து நிற்கிறது.

கோயிலுக்குள் ஒரு தந்தக் கட்டில் இருக்கிறது. 1804இல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது; அவர் கையெழுத்தும் அதில் உண்டு. புயல் இரவில் ஒரு சிறுமி வந்து எழுப்பி வெளியே அழைத்துப் போனாள், அவர் வெளியேறியதும் மாளிகை இடிந்தது என்பது கதை. கோயிலுக்குள் வர வழியில்லாத வெள்ளைக்காரர் என்பதால், மதிலில் துளை போட்டு வெளியிலிருந்தே அம்மனைப் பார்த்தாராம். துளைகளைக் காட்டுகிறார்கள். குனிந்து பார்த்தேன், என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு தூண்.

மதியம் காலிங்கராயன் அணைக்கட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் அதிகாரியாக இருந்த காலிங்கராயன், பவானியைக் காவிரியில் சேரும் முன்பே மறித்து வாய்க்கால் வெட்டினார். 1271இல் தொடங்கி 1283இல் முடித்தார் என்பார்கள். கொடுமுடிப் பக்கம் வரை 90 கிலோமீட்டர், நெளிந்து நெளிந்து போகிறது. பாம்பு ஒன்று முன்னே ஊர்ந்து வழி காட்டியது என்று கதை சொல்கிறார்கள். மேட்டைச் சுற்றிச் சரிவு பார்த்துப் போனால் நெளியத்தான் செய்யும். ஆனால் பாம்பு வந்தால் கதை நன்றாகத்தான் இருக்கிறது. மஞ்சள், கரும்பு, வாழை என்று இரு கரையும் பச்சை. ஈரோட்டை நெருங்கும்போது சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவுகள் இதைக் கெடுத்தன. கழிவு கலக்காமல் இருக்கப் பக்கத்திலேயே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, அதற்குப் பேபி வாய்க்கால் என்று பெயரும் வைத்தார்கள். இவ்வளவு அசிங்கமான வேலைக்கு இவ்வளவு செல்லமான பெயரா?

இரவு பள்ளிபாளையம் சிக்கன். சின்ன வெங்காயம், கிள்ளிப்போட்ட வரமிளகாய், தேங்காய்ப் பல். இருநூற்றிருபது ரூபாய். மிளகாயை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று பரிமாறியவர் முதலிலேயே எச்சரித்தார். நல்ல மனிதர்.

செப்டம்பர் 16, செவ்வாய் – மேட்டூர்

நல்ல வெயில். கர்னல் எல்லிஸ் வரைந்த திட்டம், 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்ட் 21இல் கவர்னர் ஸ்டான்லி திறந்துவைத்தார். நீர்த்தேக்கத்துக்கு இன்றும் அவர் பெயர். 120 அடி, 93.47 டி.எம்.சி. பவானிசாகர் போல ஒளிந்திருக்கும் அணை அல்ல இது, கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய கற்சுவர். அதன் காலடியில் பூங்கா. புல்வெளி, சிலைகள், மான்கள். இங்கும் கரைக்குப் பின்னால் மூழ்கிய ஊர்கள் உண்டு. நீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளிப்படும். நந்தியின் தலை தெரிந்தது என்ற செய்தி பத்திரிகையில் வந்தால் அது காவிரிப் படுகைக்குக் கெட்ட செய்தி.

பூங்காவைவிடக் கூட்டம் முனியப்பன் கோயிலில்தான். செங்கல் அடுப்புகளில் பொங்கலும் கறிக்குழம்பும் கொதித்துக்கொண்டிருந்தன. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் ஒன்று, நேர்த்திக்கடனுக்குக் கிடா வெட்டியிருந்தது. நான் சும்மா நின்று பார்த்ததற்கே இலை போட்டுவிட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பூங்கா பார்த்தீர்களா ஐயா என்று கேட்டேன்.

"அதில் என்ன இருக்கிறது? நான் மதகைப் பார்க்க வந்தேன். இங்கே திறந்தால் கல்லணைக்கு மூன்று நாள். அங்கிருந்து எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வது எங்கள் தலையெழுத்து."

இத்தனை வருடம் வானொலியிலும் பத்திரிகையிலும் தினமும் நீர்மட்டம் கேட்ட மனிதர், அணையை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். பதினாறு கண் மதகுக்கு எதிரே அவரை அழைத்துப் போனார்கள். பேரன் போனை நீட்டிப் படம் எடுக்கக் கூப்பிட்டான். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே நின்ற காவலாளியிடம் போய், "இன்றைக்கு எத்தனை அடி? எவ்வளவு விடுகிறார்கள்?" என்று கேட்டார். காவலாளி சொன்ன எண்களைச் சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார். வரவு இதைவிடக் குறைவாக இருந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.